பிடி என்றால் விடு

அம்மாவின் வண்டியில் இடது கைக்கு வேலை கிடையாது. கிளட்ச் லீவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரப்பர் வளையம் மட்டும் இருக்கிறது. பார்க்கிறவர்கள் லீவர் உடைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அம்மா அவர்களைத் திருத்துவாள்.

"ஒடையலைங்க. எனக்கு வேண்டாம்னு எம் பொண்ணு கழட்டிப்போட்டா."

அவள் பெயர் மாதேவி. இரண்டு மாநிலங்களுக்கு நடுவே ஓடும் பாலாற்றுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள் பிறந்தவள். கல்யாணம் முடிந்து காட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாள். அப்பா ஜடையன் இந்தப் பக்கத்து ஹனூர்க்காரர், தமிழ் பேசுகிறவர். இரண்டு பேரும் மைசூரில் செடி விற்றார்கள்.

வண்டி அப்பாவுடையது. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் பின்பாதியை அறுத்துவிட்டு, அங்கே இரண்டு சக்கரமும் ஒரு இரும்புத் தட்டும் பொருத்தியிருந்தார்கள். தட்டில் ரோஜா, குரோட்டன்ஸ், துளசி, செம்மண் மூட்டை, எரு மூட்டை. மைசூரின் விஜயநகர்ப் பகுதியில் தொட்டி வைக்க மாடி உள்ள வீடுகள் அதிகம். தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற நேரம் உள்ள பென்ஷன்காரர்களும் அதிகம். அப்பா ஓட்டுவார். அம்மா பின்தட்டில் செடிகளுக்கு நடுவே, வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்து கூவுவாள்.

வியாபாரம் முழுக்க அவள் வாயில்தான் நடந்தது. அவள் கன்னடம் தெருவில் கற்றது. "ஹோக்லி பிடி அக்கா" என்று அடிக்கடி சொல்வாள். போகட்டும் விடுங்கள் அக்கா. விலை படியாதபோதும் அதுதான். வாங்கிய செடி பட்டுப்போனது என்று சண்டைக்கு வந்தவர்களை அடக்கவும் அதுதான்.

கன்னடத்தில் 'பிடி' என்றால் விடுங்கள் என்று அர்த்தம். பஸ் என்ற சொல்லில் வரும் 'ப' அது. தமிழ்ப் பிடிக்கு, பல் என்ற சொல்லில் வரும் 'ப'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். பொருள் நேரெதிர்.

நான் மைசூரில் பிறந்தவள். கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். கனவு, கணக்கு, கோபம் எல்லாம் எனக்குக் கன்னடத்தில்தான் வரும். அம்மா தமிழில் கேட்பாள், நான் கன்னடத்தில் பதில் சொல்வேன். "எம் பொண்ணு தும்முனாக்கூடக் கன்னடத்துலதான் தும்முவா" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பாவுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியது. முதலில் சிவப்பு விளக்குக்கும் பச்சை விளக்குக்கும் தடுமாறினார். பிறகு ஒருநாள் தெரு முனையில் நின்ற மாட்டைச் சாக்கு மூட்டை என்று நினைத்து ஒதுங்காமல் போனார். மாடுதான் ஒதுங்கியது. கண் டாக்டர் இனி வண்டியைத் தொடக்கூடாது என்று சொன்னார்.

வண்டியை விற்றுவிடலாம் என்றார் அப்பா. விற்றால் அம்மாவுக்கு வீட்டு வேலைதான். யார் வீட்டிலோ பாத்திரம் தேய்க்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும்.

"நான் ஓட்டறேன்" என்றாள்.

அப்பா சிரித்தார். "சைக்கிள்ல ஏறுனதுண்டா நீ?"

"சைக்கிள் உளுந்துடும். இது மூணு சக்கரம். எங்க உளப்போகுது?"

"ஓட்டறதுன்னா உளாம இருக்கறது மட்டுந்தானா?"

"ஏனுங்க, கல்யாணமானதுல இருந்து நான் வந்த வழியத்தான் பாத்துட்டு உக்காந்திருக்கேன். போற வழிய ஒருக்காப் பாத்துப்போடறேன்."



கற்றுக்கொடுக்க மெக்கானிக் சுரேந்தர் வந்தார். அந்த வண்டியை அறுத்து ஒட்டியவரே அவர்தான். கன்னடக்காரர். எங்கள் தமிழ் அவருக்குப் பாதி புரியும். ஞாயிற்றுக்கிழமைகளில், கடைசி லேஅவுட்டைத் தாண்டி வீடு கட்டாத காலி மனைகளுக்குப் போனோம். அம்மா என்னுடைய பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்தாள். "காலேசுக்குப் போற புள்ளையாட்ட இருக்கற" என்று அப்பா கிண்டல் செய்தார். கண் தெரியாதவருக்கு அது மட்டும் எப்படித் தெரிந்தது என்று அம்மா திருப்பிக் கொடுத்தாள். அப்பா பழக்கதோஷத்தில் முன்னால் போய் நின்றார். சுரேந்தர் அவரைக் கையைப் பிடித்துப் பின்தட்டில் உட்கார வைத்தார்.

கிளட்ச் பிடித்து, கியர் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகி, கிளட்ச்சை மெல்ல விட வேண்டும். அம்மா முதல் மூன்றையும் சரியாகச் செய்தாள். சுரேந்தர் பக்கத்தில் நடந்துகொண்டே சொன்னார்.

"ஈக பிடி அம்மா. நிதானா பிடி."

இப்போது விடுங்கள், மெதுவாக விடுங்கள். அம்மா பிடித்தாள்.

எஞ்சின் அலறியது. வண்டி அசையவில்லை.

"பிடி! பிடி!"

அம்மா இன்னும் இறுக்கிப் பிடித்தாள். விரல் கணு வெளுத்தது. பின்னாலிருந்து அப்பா தமிழில் கத்தினார்.

"உடு புள்ள, உடு!"

மொத்தமாக விட்டாள். வண்டி துள்ளி நின்று அணைந்தது. அப்பா எரு மூட்டை மேல் சாய்ந்தார்.

இரண்டாவது முறை வண்டி நகர்ந்துவிட்டது. அதற்குள் பிடி என்றால் விட வேண்டும் என்று அம்மா மனதில் எழுதிக்கொண்டாள். ஜல்லிக் குவியல் நெருங்கியது. வண்டி அதிர்வதை வைத்து ஏதோ சரியில்லை என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. "பிடி, கிளட்ச்சப் பிடி!" என்று தமிழில் கத்தினார். அம்மா இடது கையை அகல விரித்தாள். வண்டி ஜல்லியில் ஏறி நின்றது.

"ஜடையண்ணா, நீவு சும்னிரி! சும்மா இருங்க!" என்று சுரேந்தர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நீங்க பேசினா வண்டி ஹோகல்லா. நான் பேசினாலும் ஹோகல்லா."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அம்மாவும் அன்று சிரித்தாள்.

அடுத்த வாரம் சுரேந்தர் 'லூஸ்' என்றும் 'டைட்' என்றும் சொல்லிப் பார்த்தார். நெருக்கடி வந்ததும் அவர் வாயில் 'பிடி'தான் வந்தது. அம்மா காதில் தமிழ்தான் விழுந்தது. நாள் முழுக்க ஹோக்லி பிடி சொல்கிறவளுக்கு வித்தியாசம் தெரியாதா? தெரியும். வியாபாரத்தில் தெரியும். பயம் வந்தால் காது பிறந்த ஊருக்குப் போய்விடுகிறது.

அதற்கடுத்த வாரம் ஒரு வீட்டின் புதுக் காம்பவுண்டுச் சுவரில் இடித்தாள். யாருக்கும் அடி இல்லை. அந்த வீட்டுக்காரர் வெளியே வந்து, பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். அம்மா இறங்கினாள். நடந்து பின்பக்கம் வந்தாள். தட்டில் ஏறி, பழைய இடத்தில், வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். சுரேந்தர் வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தார்.

வண்டி வாங்க ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்தாள். அவர் போனபின் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஏற்கெனவே ஊற்றிய செடிகளுக்கு.

நான் மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இருசக்கர வாகனக் கிளட்ச்சுகளைச் சோதிப்பது என் வேலை. அங்கே புதிதாக ஓட்டுகிறவர்களுக்கும் மூன்று சக்கர வண்டிகளுக்கும் ஏற்ற தானியங்கிக் கிளட்ச் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். அதே மாதிரி ஒன்று கடையில் கிடைத்தது. வாங்கிவந்தேன். சுரேந்தரும் நானும் சேர்ந்து பழைய கிளட்ச்சைக் கழற்றிவிட்டு அதைப் பொருத்தினோம்.

அம்மா குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.

"இது என்ன பண்ணும்?"

உள்ளே சிறு எடைகள் இருக்கின்றன. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அவை உள்ளேயே கிடக்கும். கிளட்ச் விட்டிருக்கும். வண்டி நகராது. ஆக்சிலேட்டரைத் திருகினால் எஞ்சின் வேகம் ஏறும், எடைகள் வெளிப்பக்கம் ஒதுங்கிக் கிளட்ச் தட்டுகளை நெருக்கும். கிளட்ச் பிடித்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் மறுபடி விட்டுவிடும். கியரைக் காலால் மாற்றிக்கொள்ளலாம். கை தேவையில்லை. இதைத்தான் சொன்னேன்.

"எப்பப் பிடிக்கணும், எப்ப உடணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"வேகம் சொல்லும்மா."

"எந்த பாசைல சொல்லும்?"

சுரேந்தர் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். பல நாட்களுக்குப் பிறகு அம்மா கேலி பேசியது அன்றுதான்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டியிருந்தது. சாதாரண வண்டியை மேட்டில் நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டுப் போகலாம். எஞ்சின் பிடித்து வைத்திருக்கும். இதில் அது நடக்காது.

"எஞ்சின் நின்னா இது விட்டுடும். வண்டி உருண்டுடும். கை பிரேக்கும் இதுல கிடையாது."

"அப்ப நின்னதுக்கப்பறம் யாரு பிடிப்பா?"

"கல்லு வைக்கணும்."

அம்மா அன்றைக்கே ஒரு கல் தேடி எடுத்தாள். ஆப்பு மாதிரி ஒரு பக்கம் சரிந்த கருங்கல். அதில் கயிறு கட்டித் தட்டின் ஓரத்தில் தொங்கவிட்டாள். மேட்டில் நிறுத்தினால் ஒரு காலால் பிரேக்கை மிதித்தபடியே கயிற்றை விட்டுக் கல்லைச் சக்கரத்துக்குப் பின்னால் இறக்குவாள். எங்கே நிறுத்தினாலும், சமதரையாக இருந்தாலும், இறங்கியதும் முதல் வேலை கல். அதன் பிறகுதான் வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பாள்.

காலி மனைகளில் மறுபடி ஓட்டினாள். சுரேந்தருக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் போனது. கைகட்டி நின்று பார்த்தார். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் புது அமைப்பைக் காட்டி ஒப்புதல் வாங்கினோம். ஓட்டிக் காட்டும் நாளில் அம்மா ஒரு சுற்று முடித்துவிட்டு நிறுத்தாமல் அடுத்த சுற்றுக்குத் திரும்பினாள். அதிகாரி கையை ஆட்டி, "சாக்கு பிடி!" என்றார். போதும், விடுங்கள்.

அம்மா நிறுத்தி, கல்லை வைத்துவிட்டு, அவரிடம் போய்க் கன்னடத்தில் கேட்டாள்: "எதைப் பிடிக்கணும் சார்?"

அவருக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. அந்தக் கதையை அவள் விஜயநகர் முழுக்கச் சொன்னாள்.

பிறகு இடம் மாறியது. அம்மா முன்னால், அப்பா பின்தட்டில் செடிகளுக்கு நடுவே. கூவும் வேலை அப்பாவுக்கு வந்தது. அவருக்கு அது வரவில்லை. ரோஜா என்பதையே யாரையோ அதட்டுவது போலச் சொல்வார்.

"ஏனுங்க, செடி விக்கறீங்களா, சண்டைக்குக் கூப்படறீங்களா?"

"நீ ரோட்டப் பாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். நல்லா இருக்குது ரோடு."

வாட்டர் டேங்க் பக்கத்துத் தெருவில் சித்தம்மா என்று ஒரு ஓய்வு பெற்ற டீச்சர். அம்மாவின் பழைய வாடிக்கை. முதல் நாள் கேட்டுக்கு வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏன் மாதேவம்மா, டிரைவர் நீனு. பின்னால யாரு, கண்டக்டரா?"

"டிக்கெட் எடுக்காம ஏறிட்டாருங்க டீச்சர். எறங்கச் சொன்னா எறங்க மாட்டேங்கறாரு."

அப்பா சிரித்தார். கண் போனபின் அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் அப்போதுதான் கேட்டேன். விடுமுறை நாட்களில் நானும் தட்டில் ஏறிக்கொள்வேன். அம்மாவின் முதுகு தெரியும். இடது கையை ரப்பர் வளையத்தின் மேல் சும்மா வைத்திருப்பாள். சில நேரம் அந்தக் கையால் முந்தானையைச் சரிசெய்வாள். சுடிதாரை விட்டுச் சேலைக்குத் திரும்பியிருந்தாள். சில நேரம் தெரிந்தவர்களைப் பார்த்துக் கையாட்டுவாள். வேலை இல்லாத கைக்கு நிறைய வேலை இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, சித்தம்மா டீச்சர் தெருவில் ஏறும்போது அம்மாவுக்குத் தலை வலித்திருக்கிறது. அது மேட்டுத் தெரு. வண்டி நடுமேட்டில் நின்றது. வாடிக்கை வீடு எதுவும் இல்லாத இடம் அது. ஏன் நிறுத்தினாள் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. இறங்கும் சத்தம் கேட்டது. கல் தரையில் உரசும் சத்தம் கேட்டது. சக்கரம் கல்லில் முட்டி உட்கார்ந்ததைத் தட்டில் இருந்தபடி உணர்ந்தார். அதன் பிறகு அவள் குரல் வரவில்லை.

"மாதேவி?" என்று கேட்டார். திரும்பக் கேட்டார். பிறகு வாடிக்கையாளரைக் கூப்பிடும் அதே குரலில் தெருவைக் கூப்பிட்டார்.

சித்தம்மா டீச்சர் ஓடிவந்தபோது அம்மா நடைபாதை ஓரக்கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கயிறு அவள் விரலில் சுற்றியிருந்தது. மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருந்தது. அப்படி வெடிக்கும்போது வரும் வலியைப் பற்றி டாக்டர் பிறகு சொன்னார். அந்த வலியோடு அவள் கல்லை வைத்திருக்கிறாள். மேட்டில், பின்தட்டில், கண் தெரியாத மனிதர் உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு திரும்பவில்லை. மூச்சை இயந்திரம் பார்த்துக்கொண்டது. எனக்கு எண்கள் படிக்கத் தெரியும். திரையில் இருந்த எண்களைப் படித்தேன். ஒவ்வொரு நாளும் அவை என்ன சொல்கின்றன என்று அப்பா கேட்டார். அப்படியே இருக்கிறது என்றேன். பிறகு குறைகிறது என்றேன்.

வலது கை முழுக்க ஊசியும் குழாயும். இடது கை எனக்குக் கிடைத்தது. நகக்கண்ணில் செம்மண் இருந்தது. நர்ஸ் துடைத்தும் போகவில்லை.

ஒரு பிற்பகலில் திரையில் கோடு நேரானது. டாக்டர் வந்து பார்த்தார். நேரம் சொன்னார். இயந்திரத்தை நிறுத்தினார்கள். அந்த அறையில் அதுவரை சத்தம் இருந்தது என்பதே அது நின்றபோதுதான் தெரிந்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். இளம் வயது நர்ஸ் ஒருத்தி குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். பிறகு என் பக்கம் வந்து நின்றாள்.

"கை பிடி மேடம்" என்றாள்.

நான் பிடித்தேன்.

அவள் சற்றுப் பொறுத்தாள். "பிடி மேடம்" என்றாள், இன்னும் மெல்ல.

எவ்வளவு நல்ல பெண் என்று நினைத்தேன். எல்லாம் முடிந்த பிறகும் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாளே. என் இன்னொரு கையையும் கொண்டுவந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

நர்ஸ் என் தோளைத் தொட்டாள். "பிடி, ப்ளீஸ்."

நான் இறுக்கிப் பிடித்தேன். தலையை ஆட்டினேன். பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று தமிழில் சொன்னேன்.

அப்பா கட்டிலின் கால்மாட்டில், கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றார். அவருக்கு எங்கள் கைகள் தெரியாது. குரல்கள் கேட்டன.

"மோகனா" என்று என்னைக் கூப்பிட்டார். "அது கன்னடம், சாமி."

நான் அவரைப் பார்த்தேன்.

"உடச் சொல்றாங்க."

விரலை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடிந்தது.

வண்டி அத்தனை நாளும் அந்த மேட்டிலேயே நின்றது. சித்தம்மா டீச்சர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார். காரியம் முடிந்தபின் வண்டியை எடுத்துவர நான் போனேன். அப்பாவும் வந்தார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. தட்டின் விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்து ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்தார். வந்த வழியைப் பார்த்து.

எஞ்சினைக் கிளப்பினேன். கியர் போட்டேன். என் இடது கை லீவரைத் தேடி ரப்பர் வளையத்தில் நின்றது. பிரேக்கை மிதித்திருந்தேன். காலை எடுத்தால் வண்டி உருண்டுவிடும், இறங்க முடியவில்லை. கயிற்றைப் பற்றி இழுத்தேன். கல் விலகிவந்தது.

"கல்ல எடுத்துட்டயா?" என்று அப்பா கேட்டார்.

"எடுத்துட்டேன்ப்பா."

"மேடு. பாத்துப் போ."

காலை எடுத்தேன். வண்டி கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. ஆக்சிலேட்டரைத் திருகினேன். கிளட்ச் பிடித்தது.